எந்தக் கணினிக்கு எந்த டெர்மினல்?

ஏர்பேடு ஐஐடியிலோ ஐசரிலோ, திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழகத்திலோ பிள்ளைகள் சேர்ந்ததும் வரும் கேள்வி: லேப் கம்ப்யூட்டரோடு பேச லேப்டாப்பில் எந்த டெர்மினல் மென்பொருளைப் போடுவது? காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை.

1. மறுமுனையில் இருப்பது என்ன என்று முதலில் கேளுங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் லினக்ஸ் சர்வர் என்றால் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு). ஒயரில் செருகிய போர்டோ ரௌட்டரோ என்றால் சீரியல். காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் போன்ற இடங்களுக்கு புராஜெக்ட் செய்யப் போகிறவர்கள் எஸ்எஸ்எச்சைப் பழகிக்கொண்டே போகலாம். பெரிய கணினி என்றாலே லினக்ஸ்தான்: உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

2. மேக், லினக்ஸ் இரண்டிலும் எஸ்எஸ்எச் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் 10-இலும் 2018 முதல் சேர்ந்தே வருகிறது.

3. பழைய விண்டோஸ் என்றால் புட்டி போதும். எஸ்எஸ்எச், சீரியல் இரண்டும் அதில் உண்டு. சைமன் டாத்தம் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள் இது. தேடும்போது மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். புட்டி என்ற பெயரிலேயே வைரஸ் கலந்த போலிகள் வந்திருக்கின்றன. அவருடைய சொந்தப் பக்கத்தில் இருந்தே இறக்குங்கள். புட்டியில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் காப்பி செய்தது அப்படியே ஒட்டிவிடும், கவனம்.

4. சர்வரில் வரையும் கிராஃப் உங்கள் திரையில் தெரிய வேண்டுமா? விண்டோஸில் மோபாஎக்ஸ்டெர்ம், மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ்.

5. சீரியலில் பிள்ளைகள் அதிகம் திண்டாடுவது மென்பொருளால் அல்ல, ஒயரால். போனுக்கு சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது. போர்டில் விளக்கு எரியும், கணினியில் போர்ட் தெரியாது. கேபிளை மாற்றிப் பாருங்கள். போர்ட் தெரிந்தும் திரையில் கன்னாபின்னாவென்று எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை: சிஸ்கோ ரௌட்டருக்குப் பெரும்பாலும் 9600, ஈஎஸ்பி32-க்கு 115200. ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டரை மூடிவிட்டு புட்டியையோ டெரா டெர்மையோ திறங்கள். லினக்ஸில் மினிகாம்.

6. திரை திடீரென உறைந்துவிட்டதா? கன்ட்ரோலோடு எஸ் பட்டன் பட்டிருக்கும். கன்ட்ரோலோடு க்யூ அழுத்துங்கள், மீண்டும் ஓடும்.

7. வெயில் காலத்தில் கரண்ட் போய் வைஃபை அறுந்தால், ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் நின்றுவிடும். சர்வரில் நுழைந்ததும் டிமக்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து, அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். கரண்ட் வந்தபின் விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்.

8. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ். எஃப்-டிராய்டு என்ற ஆப் தளத்தில் கிடைக்கும்.

9. முதல்முறை நுழையும்போது சர்வரின் கைரேகை போல ஒரு நீண்ட எழுத்து வரிசை வரும். லேப் நிர்வாகி தந்ததோடு ஒப்பிட்ட பிறகே சரி சொல்லுங்கள். பிறகொரு நாள் அது மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், நிர்வாகியிடம் விசாரிக்காமல் பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள்.