வலிக்குச் ‘செட் மாத்திரை’: வயிற்றில் இரத்தக் கசிவு நேராமல் காப்போம்

கிராம அபிவிருத்தி என்பது சாலையும் கிணறும் பள்ளிக் கட்டடமும் மட்டுமன்று. அவற்றைப் பயன்படுத்தும் மக்கள் உடல் நலத்துடன் இருத்தலே அபிவிருத்தியின் அடிப்படையாகும். ஆகவே, நம் கிராமங்களில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தையும், அதனால் வயிற்றுக்கு நேரக்கூடிய அபாயத்தையும் இங்கே ஆராய்வோம்.

கடலூர் மாவட்டத்து மங்களூர் வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் முக்கியப் பயிர்கள். குனிந்து களை பறிப்போருக்கும், பருத்தி எடுப்போருக்கும், மூட்டை சுமப்போருக்கும், அண்மையிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்வோருக்கும் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் புதியன அல்ல. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே, கடைக்குச் சென்று “வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கள்” என்று கேட்போர் உளர். அட்டையிலிருந்து பிரித்த நாலைந்து மாத்திரைகள் காகிதப் பொட்டலத்தில் கைக்கு வருகின்றன. அவற்றின் பெயர் என்ன, எத்தனை நாள் உண்ணலாம் என்பது வாங்குவோருக்குத் தெரிவதில்லை. மறுநாள் வலி குறைகிறது. அதற்கடுத்த வாரம் மீண்டும் அதே பொட்டலம் வருகிறது.

இத்தகைய பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை இருக்கும். சில சமயம் அதனுடன் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருக்கும். இவ்விரண்டும் சேருமிடத்தில்தான் அபாயம் பெரிதாகிறது.

ஸ்டீராய்டு என்பது யாது?

சிறுநீரகங்களின் மேல் குல்லாய் வைத்தாற்போல் அட்ரினல் என்னும் சுரப்பிகள் அமைந்துள்ளன. அவை சுரக்கும் ஒரு பொருளைப் போன்று செயற்படும் மருந்துகளே பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் முதலியன. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், மூட்டு வாதத்தால் முடங்கிய ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடமாடினார். ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப் பெற்றது.

ஆகவே ஸ்டீராய்டு நஞ்சன்று. ஆஸ்துமா மூச்சுத் திணறலில் அது உயிர் காக்கிறது. 2020-இல் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சியில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைத்தது. உரிய நோய்க்கு, உரிய அளவில், டாக்டரின் கண்காணிப்பில் கொடுக்கும்போது அது அருமருந்து. பெயர் தெரியாமல் பொட்டலத்தில் வாங்கி உண்ணும்போதோ அது ஆபத்து.

வயிற்றில் நேர்வது என்ன?

இரைப்பையில் சுரக்கும் அமிலம் கடுமையானது. அது இரைப்பையையே அரித்துவிடாதபடி உட்சுவரில் வழவழப்பான ஒரு படலம் காவல் நிற்கிறது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வலியை உண்டாக்கும் பொருளைத் தடுக்கும்போதே, இப்படலத்தைக் காக்கும் பொருளையும் தடுத்துவிடுகின்றன. ஸ்டீராய்டோ, புண் ஏற்பட்டால் அது ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

ஏரியை உவமையாகக் கொள்வோம். வலி மாத்திரை கரையைக் கரைக்கிறது. ஸ்டீராய்டு கரை அடைக்க வரும் ஆட்களைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் கரை எத்தனை நாள் தாங்கும்? புண் ஆழமாகி இரத்தக் குழாயைத் தொட்டுவிட்டால் இரத்தம் கசியும், சிலருக்குப் பெருகும்.

1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி 65 வயதுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தது. ஸ்டீராய்டு மட்டும் உண்டவர்களுக்கு வயிற்றுப் புண் அபாயம் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆனால் ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் சேர்த்து உண்டவர்களுக்கு, இரண்டையும் உண்ணாதவர்களைவிட அபாயம் 15 மடங்கு இருந்தது. 2014-இல் நார்வே நாட்டினர் 159 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு மட்டுமே இரத்தக் கசிவு அபாயத்தை ஓரளவு கூட்டுவதாகக் கண்டனர். முதியோர், முன்னரே வயிற்றுப் புண் உடையோர், மது அருந்துவோர், இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் ஆகியோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் அடக்குவதால், உள்ளே புண் முற்றினாலும் வயிற்று வலி தெரியாமற் போகலாம். வலி இல்லை என்பதால் புண் இல்லை என்று கொள்ளலாகாது. பசி கூடுவதையும் முகம் பூரிப்பதையும் கண்டு ‘உடம்பு தேறிவிட்டது’ என்று மகிழ்வதும் தவறு. அவை மருந்தின் விளைவாகவே இருக்கலாம்.

அபாய அறிகுறிகள்

1. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடுந் துர்நாற்றத்துடன் போதல்.
2. வாந்தியில் இரத்தம், அல்லது காப்பித் தூள் போன்ற கறுத்த துகள்கள் காணப்படுதல்.
3. எழுந்து நின்றால் தலை சுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு.
4. திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி.

இரும்புச் சத்து மாத்திரை உண்ணும் கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல் ஒட்டாது. சந்தேகம் இருப்பின் டாக்டரிடம் காட்டுவதே நலம். மேற்கண்ட அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்தல் வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்து, உண்ணவும் குடிக்கவும் ஒன்றும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. உண்ட மாத்திரைகளில் மிஞ்சியவற்றை உடன் கொண்டு செல்லுதல் டாக்டருக்குப் பேருதவியாகும்.

நாம் செய்ய வேண்டுவன

ஸ்டீராய்டு மாத்திரைகளை டாக்டர் சீட்டின்றி விற்பது சட்டப்படி கூடாது. ஆகவே பிரித்த மாத்திரைகளை வாங்காமல், பெயரும் காலாவதித் தேதியும் தெரியும் அட்டையாகவும், ரசீதுடனும் கேட்டு வாங்குதல் நம் உரிமை. பெயரற்ற ‘மூட்டு வலிச் சூரணங்களையும்’ நம்புதல் ஆகாது. இயற்கைப் பொருள் என்று விற்கப்பட்ட ஒரு மூட்டு வலி மருந்தில் டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் மறைவாகக் கலந்திருந்ததை 2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் கண்டறிந்து எச்சரித்தது.

டாக்டர் சொல்லி ஸ்டீராய்டு உண்டு வருவோர் இதனைப் படித்துவிட்டு அதைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. பல வாரங்கள் உண்டபின் உடலின் சொந்தச் சுரப்பிகள் ஓய்ந்திருக்கும்; திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டரின் பணி. அத்தகையோர் வலிக்கு வேறு மாத்திரை வாங்குமுன் டாக்டரைக் கேட்டல் வேண்டும். வயிற்றைக் காக்கும் மருந்து தேவையா என்பதையும் அவரே முடிவு செய்வார்.

பஞ்சாயத்துப் பணியில் உள்ளோர் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ அழைத்துப் பேசச் செய்யலாம். அபாய அறிகுறிகள் நான்கையும் எழுதி, நியாய விலைக் கடையிலும் பால் சங்கத்திலும் ஒட்டலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வரும்போது, வீட்டிலுள்ள மாத்திரைகள் யாவற்றையும் அவர்களிடம் காட்டும்படி முதியோருக்குச் சொல்லலாம்.

இதற்குப் பெரும் செலவு வேண்டுவதில்லை. உழைக்கும் உடம்பே உழவனின் முதல் சொத்து. ஒரு நாள் கூலியைக் காப்பாற்ற எண்ணி அச்சொத்தை இழந்துவிடாமல், ‘இந்த மாத்திரையின் பெயர் என்ன?’ என்று கேட்கும் வழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படுத்துவோமாக.