வானொலிக்குப் போகும் பாட்டுக்கு எந்த மாஸ்டரிங்?

வீட்டில் பதிவுசெய்த பாட்டை வானொலிக்கு அனுப்பப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் லிமிட்டரை ஏற்றி, அலைவடிவம் செங்கல்போல் தட்டையாகும்வரை சத்தத்தைக் கூட்டுகிறார்கள். மற்ற பாட்டுகளுக்கு நடுவில் நம் பாட்டு அமுங்கிவிடுமோ என்ற பயம்தான் காரணம். பெரிய எஃப்.எம். நிலையங்களைப் பொறுத்தவரை இந்தப் பயம் தேவையில்லை. சத்தத்தைச் சமன்செய்ய அவர்களிடம் தனிக் கருவியே இருக்கிறது. 1975இல் ஆர்பன் நிறுவனத்தின் ஆப்டிமோட் வந்ததிலிருந்து, இந்த வகைப் பிராசஸர் வழியாகப் பாட்டை அனுப்புவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. மெல்லிய பாட்டை அது உயர்த்தும், உரத்ததை இறக்கும், பிறகு அலைவரிசைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமுக்கும். ஏற்கெனவே தட்டையாகிவிட்ட பாட்டை இதற்குள் விட்டால் சத்தம் கூடாது. அடியின் துடிப்பு போய்விடும், கரகரப்பு மட்டும் மேலே வரும். இந்தக் கருவிகளைச் செய்து பேர்பெற்ற ராபர்ட் ஆர்பனும் ஃபிராங்க் ஃபோட்டியும் சேர்ந்து இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி எச்சரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் உச்ச அலைவரிசைகளில் இருக்கிறது. இரைச்சலைக் குறைக்க எஃப்.எம். ஒலிபரப்பில் உயர் அலைவரிசைகளை முன்கூட்டியே தூக்கி அனுப்புவார்கள், ரேடியோ பெட்டி அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். நம் நாட்டில் பின்பற்றும் 50 மைக்ரோசெகண்ட் முறையில், 15 கிலோஹெர்ட்ஸில் இந்த ஏற்றம் ஏறக்குறைய 13.5 டெசிபல். அங்கே சத்தம் ஏற்கெனவே அதிகமாக இருந்தால் பிராசஸர் அதை வெட்டியே ஆக வேண்டும். பளபளப்புக்காக ஜால்ராவையும் ஹை-ஹேட்டையும் தூக்கிவிட்ட பாட்டு வானொலியில் மங்கிப்போவதும், பாடகரின் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறுவதும் இதனால்தான். இந்தச் சீறலை அடக்கும் டீ-எஸ்ஸரை மாஸ்டரில் போடுவதைவிட, மிக்ஸில் குரல் டிராக்கிலேயே போடுவது நல்லது.

ஆகவே நாமே மாஸ்டரிங் செய்தாலும், தானியங்கிச் சேவையிடமோ பொறியாளரிடமோ கொடுத்தாலும் நான் கேட்பது ஒன்றைத்தான்: அது பாட்டின் ஏற்ற இறக்கத்தை உயிரோடு விட்டுவைக்கிறதா?

நாமே செய்வதில் செலவு குறைவு. ஆடாசிட்டி இலவசம், ரீப்பரின் உரிமம் மலிவு, சத்தத்தை அளக்க யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். ஆனால் மிக்ஸில் நம்மை ஏமாற்றிய அதே அறையும் அதே ஹெட்ஃபோனும் மாஸ்டரிங்கிலும் ஏமாற்றும். கான்கிரீட் சுவர் கொண்ட சின்ன அறையில் பேஸ் ஒரு மூலையில் குமுறும், அறையின் நடுவில் காணாமல்போகும். நடுவில் உட்கார்ந்து கேட்பவர் பேஸை ஏற்றிக்கொண்டே போவார். சில நாள் இடைவெளி விட்டு, அதே வகையைச் சேர்ந்த நன்கு பழகிய பாட்டு ஒன்றை ஒரே சத்தத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இதில் பாதி சரியாகும். குரலும் இரண்டு மூன்று வாத்தியமும் மட்டும் உள்ள பாட்டுக்கு இந்த வழியே போதும்.

தானியங்கிச் சேவைகள், 2014இல் வந்த லேண்டர் போன்றவை, சில நிமிடங்களில் வேலையை முடித்துத் தரும். சத்தத்தைக் கூட்டும் பக்கமே அவை சாய்வதாக எனக்குப் படுகிறது. சத்தத்தின் தீவிரத்தை மாற்ற வழியிருந்தால் கடைசிப் படிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு குறையும் உண்டு: “குரல் அமுங்கியிருக்கிறது, மிக்ஸைத் திறந்து சரிசெய்” என்று அவை கேட்காது. விருத்தத்தில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறி ஓடும் ஒலி பதிவாகியிருந்தால், அதையும் பாட்டோடு சேர்த்தே தூக்கும். நிலையத்துப் பிராசஸர் அதை இன்னொரு முறை தூக்கும். நிகழ்ச்சிகளின் முகப்பிசைக்கும் மாதிரிப் பதிவுக்கும் இந்தச் சேவைகள் சரி. நாலு வருடம் கழித்தும் கேட்க வேண்டிய பாட்டை நான் இவற்றிடம் ஒப்படைக்க மாட்டேன்.

மாஸ்டரிங் பொறியாளருக்குத் தரும் பணம் உண்மையில் இன்னொரு ஜோடிக் காதுக்கும் சரியான அறைக்கும் தரும் பணம். பறையோ தவிலோ முன்னால் நிற்கும் பாட்டு, நிறைய டிராக் அடுக்கிய பாட்டு, பல பாட்டுகள் ஒரே சீராக ஒலிக்க வேண்டிய தொகுப்பு ஆகியவற்றுக்கு இந்தச் செலவு தகும். வானொலிக்குப் போகப்போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர் போடாமல், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள். மிக்ஸைத் திருத்தச் சொல்லி அவர் திருப்பி அனுப்பினால் வருத்தப்பட வேண்டாம். அந்த ஒரு வரிக் குறிப்புதான் கொடுத்த பணத்துக்கான பெரிய பலன்.

எந்த வழியானாலும் மோனோவில் கேட்காமல் அனுப்பக் கூடாது. எஃப்.எம்.மில் இடது வலது இரண்டின் கூட்டுத்தொகைதான் முதன்மையாகப் போகிறது, வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணையலையில் ஏறிப் போகிறது. சிக்னல் பலவீனமானால் பெட்டி மோனோவுக்கு இறங்கிவிடும். சமையலறை ரேடியோவுக்கு ஸ்பீக்கரே ஒன்றுதான். மோனோ பொத்தானை அழுத்தியதும் இருபுறமும் விரிந்திருந்த கோரஸ் சட்டென்று பின்னால் போனால், பெரும்பாலும் விரிவாக்கும் பிளக்-இன்தான் காரணம். அதை எடுத்துவிட்டு, கோரஸை இரண்டு தடவை தனித்தனியாகப் பாடிப் பதிந்து இடமும் வலமும் வையுங்கள். மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்திருந்தால் ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிக் கேளுங்கள். தொப்பியின் அடி எதில் நிறைந்து ஒலிக்கிறதோ அதுவே சரி.

ஸ்ட்ரீமிங்குக்கு ஒன்று, வானொலிக்கு ஒன்று என்று இரண்டு மாஸ்டர் தேவையா? ஸ்பாட்டிஃபை சராசரிச் சத்தத்துக்கு வைத்திருக்கும் அளவான மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அருகில், உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குள் இருக்கும் ஒரே மாஸ்டர் இரண்டுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. அதைவிட உரக்கச் செய்த பதிப்பு இருந்தால் மட்டும் வானொலிக்கென்று தனியாக ஒன்று எடுங்கள்.

நிலையத்துக்கு நிலையம் வேறுபாடும் உண்டு. 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். போன்ற சமுதாய வானொலிகளுக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் வழக்கமாக 100 வாட். விலையுயர்ந்த பிராசஸர் எல்லாச் சிறு நிலையங்களிலும் இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. அது இல்லாத இடத்தில் நம் பாட்டு ஏறத்தாழ அப்படியே போகும், மிக மெல்லிய மாஸ்டர் அங்கே பின்தங்கிவிடும். அகில இந்திய வானொலியின் மத்திய அலைக்குப் போகிறதென்றால், பல பெட்டிகளில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் கேட்காது. ஆழமான பேஸும் சின்ன ஸ்பீக்கரில் எடுபடாது. நடு அலைவரிசையில் குரல் தெளிவாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எம்பி3யாக அனுப்ப வேண்டாம். நிலையத்தில் இன்னொரு முறை சுருக்கினால் உச்ச ஒலிகள் சிதையும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் பொதுவாக எங்கும் ஏற்கப்படும். பாட்டின் தொடக்கத்தில் உள்ள வெற்று விநாடிகளை வெட்டிவிடுங்கள், முடிவில் தம்புராவோ எதிரொலியோ முழுவதும் அடங்கும்வரை விடுங்கள். பாட்டின் பெயர், பாடியவர், இயற்றியவர், நீளம் நான்கையும் கோப்போடு எழுதி அனுப்புங்கள். அறிவிப்பாளர் நேரலையில் படிப்பது அதைத்தான்.