மண் வீட்டுக் கூடம்: உட்காரவும் விதை காக்கவும்

"நிலம் வாங்கிட்டேன் அண்ணா, சின்னதா ஒரு வீடு கட்டணும், முன்கூடம் எப்படி வைக்கலாம்?" என்று இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். கேட்கும்போதே கைபேசியில் ஒரு படத்தையும் காட்டுகிறார்கள். மரச்சட்டம் தெரியும் கூரை, வெள்ளைச் சுவர், ஓரத்தில் ஒரு அலமாரி, பூப்போட்ட மெத்தை, மஞ்சள் விளக்கு. காட்டேஜ் பாணி என்று அதற்குப் பெயர். பக்கத்து ஏலகிரியில் விடுதிக்காரர்கள் அந்தப் பெயரைப் போட்டுத்தான் அறை வாடகை வாங்குகிறார்கள்.

படத்தைப் பார்த்து நான் சிரிக்கிறதில்லை. அது நல்ல அறைதான். ஆனா அது யாருடைய அறை என்று தெரிந்துகொண்டு கட்டினால் செலவு மிச்சமாகும். இங்கிலாந்தில் காட்டேஜ் என்பது முதலில் கூலி உழவனின் குடிசை. அந்த நாட்டின் தென்மேற்கில் டெவன் பகுதியில் அடிமண்ணும் வைக்கோலும் தண்ணியும் மிதித்துக் கலந்து சுவர் வைத்தார்கள். அதற்கு 'காப்' என்று பெயர். பல நூறு வருசம் ஆன காப் வீடுகளில் இன்றும் ஆள் குடியிருக்கிறார்கள். மண் சுவருக்கு நல்ல பூட்ஸும் நல்ல தொப்பியும் வேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு வழக்கு. காலில் ஈரம் ஏறாத கல் அடித்தளம், தலையில் மழை படாத கூரை நீட்டம், அவ்வளவுதான் விசயம். ஜவ்வாது மலையில் எங்க பாட்டன் கட்டின வீட்டுக்கும் அதே கணக்கு. ஒன்றரை அடி கருங்கல் கட்டு, அதுமேல ஒன்றரை அடி கனத்துல மண் சுவர், சுவரைத் தாண்டி வெளியே நீளும் புல் கூரை, அதுக்குக் கீழ திண்ணை.

கூடம் என்று சொன்னால் எங்களுக்கு உட்காரும் இடம் மட்டும் கிடையாது. ஆடி ஆவணி மழையில் தூத்தல் நிற்காதபோது தானியம் காய்வது அங்கே. கார்த்திகையில் சாமை அடித்து முடித்தால் மூட்டை அங்கே. விதை முழுக்க அங்கே. மார்கழிக் குளிரில் வீடே அங்கே. அதனால் கூடத்தை அழகு செய்வது என்றால் இந்த வேலைகளைத் தொந்தரவு செய்யாமல் அழகு செய்வது. அதை மனசில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்து தொடங்குவோம்.

சுவர்

மண் சுவரின் உட்பூச்சுக்கு மேல்மண் ஆகாது. அதில் மக்கு இருக்கும், அது பயிருக்கு. ஒரு அடிக்குக் கீழே உள்ள மண்ணை எடுங்க. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்க. மணல் ஒரு நிமிசத்தில் அடியில் படியும். அதுமேல வண்டல். களி படிய ஒரு நாள் ஆகும். மூணு அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். களி அதிகம் என்றால் பூச்சு வெடிக்கும், மணல் அதிகம் என்றால் கையில் உதிரும்.

பாட்டிலை மட்டும் நம்ப வேண்டாம். சுவரிலேயே மூணு கட்டம் பூசிப் பாருங்க. ஒன்றில் மண்ணும் மணலும் சரிக்குச் சரி, அடுத்ததில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மணல், மூன்றாவதில் ஒன்றுக்கு மூன்று. ஒரு வாரம் விடுங்க. எது வெடிக்கவும் இல்லை, தேய்த்தால் தூளாகவும் இல்லையோ அதுதான் உங்க மண்ணுக்கான கலவை. ஒரு ஊர்க் கலவை அடுத்த ஊருக்குப் பொருந்தாது. ஜமுனாமரத்தூர் செம்மண்ணுக்குச் சரியாக வந்த அளவை அப்படியே போளூர்க்காரர் எடுத்துப் பூசக் கூடாது.

கலவையில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கின சாமைத் தாளோ நெல் வைக்கோலோ சேர்க்கணும். மண்ணை இழுத்துப் பிடிக்கிற நார் அது. மிதித்துக் குழைத்து ஒரு வாரம் ஊற விட்டால் வைக்கோல் புளித்துக் கொழகொழப்பாகும், நாற்றமும் அடிக்கும். நாற்றம் வந்தால்தான் பதம். பூசிக் காய்ந்ததும் போயிடும். முதல் பூச்சு அரை அங்குலம், சொரசொரப்பாக. அது முழுக்கக் காய்ந்த பிறகு சலித்த மண்ணில் மெல்லிய இரண்டாம் பூச்சு. கடுக்காய் நம்ம மலையிலேயே கிடைக்குது. இடித்து ஊறவைத்த தண்ணியை இரண்டாம் பூச்சில் தெளித்துத் தேய்ப்பது பழைய பழக்கம். அதன் துவர்ப்பு களியை இறுக்கும். கோயில்களிலும் பழைய வீடுகளிலும் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லணும். பழைய மண் சுவரில் சிமெண்ட் பூசாதீங்க. "கெட்டியா இருக்கட்டும்" என்று மேஸ்திரி சொல்வார். மண் சுவர் ஈரத்தை இழுக்கும், திரும்ப வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் சுவரைச் சோறாக்கும், வெளியே பார்த்தால் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். டெவன் பகுதியிலும் காப் வீடுகளுக்குச் சிமெண்ட் பூசி, பிறகு சுவர் சரிந்த கதைகள் உண்டு. எங்க ஊர் ஆயா ஒருத்தரிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லும்: "சுவரு மூச்சு வுடணும் கண்ணு." பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட்டுக்கும் இதே பதில்தான்.

வெள்ளை வேண்டும் என்றால் சுண்ணாம்பு இருக்கு. நீர்த்த சுண்ணாம்பை நாலைந்து நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் அடிக்கணும். கெட்டியாக ஒரே கை அடித்தால் செதிலாக உரியும். மெல்லிசாக மூணு நாலு கை. ஒவ்வொரு கைக்கும் முன் சுவரை ஈரமாக்கணும். வெயிலில் அடிக்கக் கூடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது, அதற்கு அவகாசம் கொடுங்க. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் வளராது, விதை வைக்கும் அறைக்கு இது பெரிய லாபம். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்க. நிறம் வேணும்னா காவி மண், மஞ்சள் மண் போன்ற மண் நிறங்களைத்தான் கலக்கணும். செடிச் சாயம் சுண்ணாம்பில் வெளுத்துப்போகும். சுவரின் கீழ் இரண்டடி காவி, மேலே வெள்ளை என்று பிரித்துவிட்டால் முதுகு சாய்ந்த அழுக்கும் தெரியாது, பார்க்கவும் அழகு.

தரை

திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கின மண் தரைமேல் சாணி மெழுகுவதைப் பற்றி நம்ம வாசகர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. புதுச் சாணியாக இருக்கணும், கையால் மெழுகணும், கை போகும் வட்டம் ஒரே பக்கமாக இருந்தால் அதுவே கோலம். கரித்தூள் சேர்த்தால் கருமை வரும், செம்மண் சேர்த்தால் சிவப்பு. வீட்டில் மாடு இல்லாதவர்கள் மண் தரை வைக்காதீங்க. வாரா வாரம் மெழுக முடியாத மண் தரை புழுதிதான் கிளப்பும். அவர்கள் காவித் தரையோ கருங்கல் பலகையோ போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கூடத்தை வைத்து எங்க வீட்டிலேயே ஒரு சண்டை நடந்தது. அண்ணனுக்கு அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 2024ல் தொடங்கின கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் என்று அறிவித்தார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே வருசக்கணக்கில் கிடந்த குடும்பங்களுக்கு அது பெரிய விசயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்க பக்கத்தில் பல பேர் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டினார்கள். பரணும் குதிரும் அதோடு போயின. புது வீட்டில் விதை வைக்க இடம் இல்லை, அடுத்த ஆடிக்கு விதைச் சாமை வெளியே வாங்கினார்கள்.

அண்ணனும் இடிக்கத்தான் நின்றார். "டேய் தம்பி, ரெண்டு வீடு வச்சிக்கிட்டு யாருடா மெழுகறது? பசங்களுக்குக் கல்யாணம் பேச வர்றவங்க மண் சுவரைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. நான் ஒன்றும் பேசலை. அம்மாதான், "வீட்ட இடி, வேணான்னு சொல்லல. கூடத்த மட்டும் வுட்டுடு. என் விதையக் கொண்டுபோய் அந்தக் காங்கிரீட்டுல வேகவைக்க மாட்டேன்" என்றது. கடைசியில் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் புது வீடு வந்தது. கொட்டகை பின்னால் போனது. பழைய வீட்டில் பின்பக்கச் சுவர்கள் போய்க் கூடமும் திண்ணையும் நின்றன. இப்ப சம்பந்தம் பேச வர்றவங்களை அண்ணன் முதலில் உட்கார வைப்பது அந்தத் திண்ணையில்தான், மத்தியான வெயிலுக்குப் புது வீட்டில் உட்கார முடியாது.

அம்மா 'வேகவைக்க மாட்டேன்' என்றதற்கு அறிவியல் இருக்கு. அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற விதை அறிவியலாளர் ஒரு கணக்கு சொன்னார். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்காகும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரண்டு மடங்காகும். தோராயக் கணக்குதான், ஆனால் விவசாயிக்குப் போதும். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி உள்ளே இறக்கும். ஒன்றரை அடி மண் சுவரும் புல் கூரையும் அந்தச் சூட்டை உள்ளே விடாது, காற்றில் ஈரம் கூடும்போது சுவர் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அந்த 5 டிகிரி எங்கே கிடைக்கும் என்று இப்போது தெரியும்.

விதையே அலங்காரம்

காட்டேஜ் படங்களில் உத்திரத்திலிருந்து காய்ந்த பூங்கொத்து தொங்கும். நாம் தொங்கவிட வேண்டியது சோளக் கதிர், மக்காச்சோளம், கேழ்வரகுக் கதிர்க் கட்டு, வெங்காயத் தாள், பூண்டு. அடுப்புப் புகை எட்டும் பக்கமாகக் கதிர்கள் இருந்தால் வண்டு அண்டாது. காய்ந்த சுரைக்குடுவையில் பயறு விதை, வாயைச் சாணி மண்ணால் அடைத்து வரிசையாகத் தொங்கவிடலாம். பீர்க்கு, சுரை, பூசணி விதைகளைச் சாணி வறட்டியில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பது நம்ம பாட்டிகளின் வேலை. சுவரோடு சுவராக அது அழகாகவே இருக்கும்.

இப்படித் திறந்து வைப்பது அடுத்த பட்டத்துக்கான விதைக்கு மட்டும். இரண்டு மூணு வருசம் காப்பாற்ற வேண்டிய அரிய ரகம் என்றால் கண்ணாடிப் பாட்டில் வேணும். இன்னொரு கணக்கும் உண்டு: அறை வெப்பத்தைப் பாரன்ஹீட்டிலும், காற்று ஈரத்தைச் சதவீதத்திலும் எடுத்துக் கூட்டினால் 100க்குள் இருக்கணும். 77 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரம் என்றால் கூட்டினால் 137. நம்ம மலையில் மழைக்காலத்தில் இதுக்குக் குறைய வாய்ப்பே இல்லை. அதனால் கடித்தால் 'கடக்' என்று உடையும் வரை காயவைத்த விதையை, பாட்டிலின் அடியில் வறுத்து ஆறவைத்த சாம்பல் போட்டு, அதன்மேல் துணி முடிச்சாக வைத்து இறுக மூடுங்க. இந்தப் பாட்டில்கள் வெயில் விழாத வடக்குச் சுவர் மாடத்தில் வரிசையாக நிற்கட்டும். ரகத்தின் பெயரும் அறுத்த மாதமும் எழுதி ஒட்டுங்க. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். டிவிக்கு இடம் வேறு சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.

உட்கார மர நாற்காலி வாங்கித்தான் ஆகணும் என்றில்லை. சுவரை ஒட்டி ஒன்றேகால் அடி உயரத்தில் மண்ணிலேயே உள்திண்ணை எழுப்பி மெழுகிவிடலாம். மேல ஈச்சம் பாய், மார்கழிக்கு இலவம் பஞ்சு மெத்தை. ஒரு கயிற்றுக் கட்டில். விளக்கு மஞ்சள் வெளிச்சம் தருவதாக, தாழ்வாக ஒன்று போதும். புல் கூரை வீட்டில் மின்கம்பியைக் குழாய்க்குள் விடாமல் ஓட்டாதீங்க, இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பரணுக்கும் தட்டிக்கும் மூங்கில் வேணும். சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டுவதற்கு வன அனுமதிச் சிக்கல் 2017ல் சட்டத் திருத்தம் வந்தபின் குறைந்தது. வன நிலத்து மூங்கில் அப்படியில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தில் சிறு வன மகசூல் பட்டியலில் மூங்கில் இருக்குது, உங்க கிராம சபையில் உரிமை பதிவாகி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்க. சந்தனக் கட்டை மட்டும் எவ்வளவு பழசு என்று சொன்னாலும் வாங்கிச் செருகாதீங்க. வெட்டிய மூங்கிலை ஓடும் தண்ணியில் சில வாரம் ஊறப் போட்டால் உள்ளே இருக்கும் மாவு கரையும், வண்டு துளைக்காது. மண்ணைத் தொடும் மரமுனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுங்க. கறையான் வழி தேடுவது கல்கட்டின் இடுக்கில்தான், மாசத்துக்கு ஒருமுறை அதை மட்டும் விளக்கு வைத்துப் பார்த்தால் போதும்.

வேலையைத் தை அறுவடை முடிந்ததும் தொடங்குங்க. மாசியில் முதல் பூச்சு, பங்குனியில் இரண்டாவது, சித்திரைக் காலையில் சுண்ணாம்பு. வைகாசியில் கூரைப் புல் மாற்றினால், ஆடியில் சாமை விதைக்க இறங்கும்போது கூடம் காய்ந்து தயாராக இருக்கும்.