எலும்பு கட்டும் வயதும் ஒரு நொதியமும்



நொதியம் என்றதும் உமிழ்நீரிலுள்ள அமிலேசும் இரைப்பையிலுள்ள பெப்சினும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். நொதியங்கள் சமிபாட்டுக்கு மட்டும் உதவுபவை என்றே பலர் எண்ணுகிறோம். ஆனால் நமது எலும்பு உறுதியடைவதற்கும் ஒரு நொதியம் வேண்டும். அதன் பெயர் காரப் பொஸ்பற்றேஸ். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'ஏ.எல்.பி.' என்று குறிக்கப்படுவது இதுவே.

முதலில் எலும்பின் அமைப்பைப் பார்ப்போம். கோழிக்கால் எலும்பொன்றைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவைத்தால் அது இறப்பரைப் போல வளையும். வினாகிரியிலுள்ள அமிலம் கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த கனியுப்பைக் கரைத்துவிடுகிறது. எஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரதம். வீடு கட்டும்போது கம்பி கட்டிய பின் கொங்கிறீற் இடுவது போல, கொலாஜன் இழைகளின் மீது கனியுப்பு படிந்துதான் எலும்பு உருவாகிறது.

இந்தக் கொலாஜனின் அமைப்பை விளக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்பதை 1954இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அவ்விழைகள் கயிறு போல ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும் என்று அதனைத் திருத்தியமைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது கங்காருவின் வால் தசைநாரை!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கொலாஜன் தோலிலும் தசைநாரிலும் கூட இருக்கிறது. கல்சியமும் பொஸ்பேற்றும் இரத்தத்தோடு உடலெங்கும் ஓடுகின்றன. அப்படியிருக்க, நமது தோல் ஏன் கல்லாகிவிடவில்லை?

பைரோபொஸ்பேற்று என்னும் பொருள் கனியுப்பு படிவதைத் தடுத்துக்கொண்டிருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். எலும்பைக் கட்டும் கலங்களான என்பரும்பர்களின் மென்சவ்வில் காரப் பொஸ்பற்றேஸ் மிகுதியாக உண்டு. அது பைரோபொஸ்பேற்றைப் பிளக்கிறது. இதனால் தடையும் நீங்குகிறது. கட்டுவதற்குத் தேவையான பொஸ்பேற்றும் கிடைக்கிறது. இந்த நொதியம் தொழிற்பட நாகமும் மக்னீசியமும் அவசியம்.

எலும்பாகிக்கொண்டிருக்கும் இழையத்தில் இத்தகைய நொதியம் இருப்பதை 1923இல் இலண்டனில் ரொபேர்ட் ரொபிசன் கண்டறிந்தார். 1948இல் கனடிய குழந்தை வைத்தியர் ராத்பன், இந்நொதியம் மிகக் குறைந்திருந்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். கனியுப்பு சரியாகப் படியாததால் அக்குழந்தையின் எலும்புகள் உறுதியடையவில்லை. பரம்பரையாக வரும் இந்த அரிய நோய்க்கு, குறைந்த நொதியத்தையே ஊசி மூலம் ஏற்றும் மருந்து 2015இல் அங்கீகாரம் பெற்றது.

இனி நம்முடைய வீடுகளுக்கு வருவோம். வளரும் பிள்ளைகளின் இரத்தத்தில் இந்நொதியம் வளர்ந்தோரின் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு கூட இருக்கலாம். அறிக்கையில் அந்த எண்ணைக் கண்டு உம்மாமார் பதறத் தேவையில்லை. ஈரல், பித்தக்குழாய் நோய்களிலும் றிக்கற்ஸ் நோயிலும் அது கூடும் என்பதால், வயதையும் சேர்த்துப் பார்த்து வைத்தியரே முடிவு சொல்வார்.

பெண்பிள்ளைகளில் எலும்பு மிக வேகமாகக் கட்டப்படுவது ஏறத்தாழ 12, 13 வயதில். வாழ்நாள் எலும்புத் திணிவில் நான்கில் ஒரு பங்கு அளவு அந்த இரண்டு வருடங்களிலேயே சேர்கிறது. பதினேழு வயதான என் வகுப்பினருக்கு அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிட்டது. ஏழாம், எட்டாம் தரத்தில் படிக்கும் தங்கைமாருக்கு அது இப்போதுதான் நடக்கிறது.

ஆனால் நம்மில் பல வீடுகளில் பிள்ளை பெரியவளானதும் வெயிலில் போகாதே, கறுத்துப் போவாய் என்கிறார்கள். விளையாட்டும் அத்தோடு நின்றுவிடுகிறது. கிராண்ட்பாஸின் நெருக்கமான தோட்டங்களில் பல வீடுகளுக்குள் பகலிலும் விளக்கு எரிகிறது. வெயில் தோலில் படாவிட்டால் விற்றமின் டி போதியளவு உருவாகாது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள வேறு நொதியங்கள் அந்த விற்றமினைத் தொழிற்படும் வடிவத்துக்கு மாற்றினால்தான் குடல் கல்சியத்தை நன்றாக உறிஞ்சும். கல்சியம் வராவிட்டால் காரப் பொஸ்பற்றேஸ் எவ்வளவு இருந்தும் பயனில்லை. கம்பி கட்டியாயிற்று, மேசனும் வந்துவிட்டார், சீமெந்து மட்டும் இல்லை என்ற நிலைதான்.

இதற்காக நமது ஹிஜாபை விட வேண்டியதில்லை. பிறர் பார்வை படாத மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, நமது நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில், கைகால்களில் சிறிது நேரம் வெயில் படவிடலாம். கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயில் இதற்கு உதவாது. இந்த வயதில் ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்தலி, தயிர், எள்ளு, கீரை ஆகியவையும் உதவும். இறைச்சியும் பருப்பும் நாகத்தைத் தரும். கயிறு பாய்வதும் ஓடுவதும் எலும்பை வலுப்படுத்தும்.

பெற்றோரே, வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அவளுடைய பால் கோப்பையைத் தம்பிக்கு மாற்றிவிடாதீர்கள். அவளுக்கும் விளையாட இடம் கொடுங்கள். அவள் உம்மம்மாவாகும் காலத்திலும் நிமிர்ந்து நடப்பதற்கான எலும்பு இன்றுதான் கட்டப்படுகிறது.