மருந்து தீர்ந்தாலும் நஞ்சு தீராது

பூச்சிமருந்து தீர்ந்த டப்பாவைக் கழுவி, எண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. இது உயிருக்கே ஆபத்து. 2013 ஜூலை 16-இல் பீகார் மாநிலம் சாரண் மாவட்டப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது.

டப்பாவில் ஒட்டிய மருந்து காய்ந்துவிட்டால் எளிதில் போகாது. எனவே மருந்து கலக்கும்போதே கையுறை அணிந்து கழுவிவிட வேண்டும். டப்பாவில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் நன்கு குலுக்கவும். அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றவும். இவ்வாறு மூன்று முறை செய்தால் மருந்தும் வீணாகாது.

பிறகு அடியில் துளையிட்டு நசுக்கவும். மூன்று முறை கழுவினாலும் அது வீட்டு உபயோகத்திற்கு ஆகாது. பழைய சாமான் கடைக்கும் போடக் கூடாது. எரித்தால் நச்சுப்புகை வரும்.

காலி டப்பாக்களை உடைத்து, குடியிருப்புக்கு விலகிப் புதைக்க வேண்டும் என்கின்றன 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள். கண்மாயையும் கிணற்றையும் நம்பிய கொடும்பாளூர்ப் பகுதி விவசாயிகள், கிணற்றருகிலும் கண்மாயின் வரத்துவாரியிலும் புதைக்கவே கூடாது.

யாருக்கேனும் நஞ்சு தாக்கினால், மருந்தின் லேபிளுடன் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.