ஆள வந்தோர்க்கு யார் பாடம் சொல்வது?

(முனைவர் பட்ட ஆய்வு மாணவர், அரசியல் அறிவியல் துறை)

மாவட்ட ஆட்சியராக வர இருப்பவர் முசௌரி சென்று பயிற்சி பெறுகிறார். பள்ளி ஆசிரியராக வர இருப்பவர் பி.எட். பயில்கிறார். பேருந்து ஓட்டுநருக்கும் உரிமம் வேண்டும். ஆனால் சட்டமன்ற உறுப்பினராக வர விரும்புவோரிடம் நம் அரசியலமைப்பின் 173ஆம் பிரிவு எதிர்பார்ப்பது இந்தியக் குடியுரிமை, 25 வயது, ஓர் உறுதிமொழி ஆகியவற்றையே. ஊராட்சிக்கு 21 வயதே போதும். இஃது அரசியலமைப்பை வகுத்தோரின் கவனக் குறைவு அன்று. வாக்குரிமையைப் படிப்போடும் சொத்தோடும் முடிச்சிட்டு வைத்திருந்த ஆங்கிலேயர் காலத்து முறையை அவர்கள் நன்கறிந்தே கைவிட்டனர்.

அவ்வாறாயின், வென்று வந்த பின்னராவது அவர்க்குப் பயிற்சி தர வேண்டாமா? தந்தால் அதனால் பயன் உண்டா? உண்டு என்பதை எவ்வாறு அறிவது? இம்மூன்று கேள்விகளை ஊராட்சித் தலைவர்களை வைத்து ஆராய்வதே என் முனைவர் பட்ட ஆய்வு. உதவித்தொகை பெற்றுச் செய்யும் ஆய்வு இது. இதைச் சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது தொகை எவ்வளவு என்பது, அடுத்துக் கேட்பது, “அரசியல்வாதிக்குப் பயிற்சியா? இன்னும் நன்றாகப் பேசுவதற்கா?” என்பது. கேலியாகக் கேட்டாலும் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வியே.

ஆள்வோரைப் பயிற்றும் எண்ணம் புதிதன்று. பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் காவலர்களுக்குக் கணிதம் பத்தாண்டு, தருக்கம் ஐந்தாண்டு, உலகியல் அனுபவம் பதினைந்தாண்டு எனப் பாடத்திட்டம் வகுத்து, ஐம்பது வயதில்தான் ஆட்சியை ஒப்படைக்கிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கல்லூரி மலர்களில் எழுதாத ஆண்டில்லை என்பதால் ஒன்று மட்டும் கூறுகிறேன்: கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கியது வடிகட்டும் முறையே அன்றிப் பயிற்றும் முறை அன்று. 1919 சனவரியில் மியூனிக் நகரில் மாணவர்களிடையே உரையாற்றிய மாக்ஸ் வேபர், அரசியலாளனுக்கு வேண்டியவை ஈடுபாடு, பொறுப்புணர்ச்சி, அளவறிதல் என்றார். இம்மூன்றில் எதை வகுப்பறையில் கற்பிக்க முடியும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பொறுப்புணர்ச்சியைக் கற்பிக்கும் கரும்பலகையை இதுவரை யாரும் செய்யவில்லை.

பயிற்சி கடினம் என்பதால் சிலர் வடிகட்டுதலுக்கே திரும்புகின்றனர். இராசத்தானில் 2014 இறுதியில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயமாயிற்று. பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பு. அரியானா 2015இல் பின்தொடர்ந்தது. அவ்வாண்டு திசம்பரில் உச்ச நீதிமன்றம் அரியானாச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இராசத்தான் 2019இல் தன் விதியை நீக்கிக்கொண்டது. பள்ளிச் சான்றிதழ் இல்லாத குற்றம், பள்ளியைக் கட்டித் தராத அரசினுடையதா, பள்ளிக்குப் போக முடியாத பெண்ணினுடையதா என்பதே இதில் எழும் வழக்கு. என்னைக் கேட்டால், அந்த விதி தலைமையை அளக்கவில்லை, வறுமையை அளந்தது.

பிரித்தானியாவில் வேறொரு வழி முயன்றார்கள். கன்சர்வேடிவ் கட்சி தன் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க, பெரிய நிறுவனங்கள் மேலாளர்களைத் தேர்வதுபோல் பயிற்சிச் சோதனைகள் நடத்தியது. உளவியல் அறிஞர் ஜோ சில்வெஸ்டர் தம் உடனாய்வாளருடன் சேர்ந்து, அச்சோதனையில் பெற்ற மதிப்பெண்களை 2005 பொதுத்தேர்தல் முடிவுகளோடு ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார். பகுத்தாராயும் திறனுக்கும் தேர்தல் வெற்றிக்கும் ஓரளவு தொடர்பு தென்பட்டது. பாராட்டத்தக்க ஆய்வுதான். எனினும் வாக்குப் பெறுவது வேறு, வாக்குப் பெற்றபின் ஆள்வது வேறு. என் ஆய்வு இரண்டாவதைப் பற்றியது.

இந்தியாவில் இந்த இரண்டாவது கேள்வி பெரிய அளவில் எழுந்தது ஊராட்சிகளால்தான். 73ஆவது திருத்தம் 1993 ஏப்பிரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது, மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வந்தமர்ந்தனர். பின்னர் 2016இல் அது பாதியாக உயர்த்தப்பட்டு, 2019 திசம்பர்த் தேர்தலில் முதன்முறையாகச் செயலுக்கு வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள். அவற்றின் தலைவர்களில் மிகப் பலர் முதன்முறை பதவி காண்பவர்கள். இவர்களுக்கு மறைமலைநகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தின் வழியாகப் பயிற்சி தரப்படுகிறது.

இத்தகைய வகுப்புகள் சிலவற்றில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். சட்டப் பிரிவுகள், பதிவேடுகள், திட்டங்கள், ஒப்பந்தப் புள்ளி ஆகியவை பாடங்கள். நன்றாகவே நடத்துகிறார்கள். சன்னலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், தலைவியரின் கணவன்மார் சிலர் காத்திருப்பார்கள். தேநீர் இடைவேளையில் கையேட்டை வாங்கிப் புரட்டிப் பார்ப்பவர்களும் அவர்களே. இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் ஒரு தலைவி என்னிடம் கூறியதைக் கேட்ட பிறகு எனக்கு நகைப்பு வரவில்லை. பட்டியலினத்தைச் சேர்ந்த அவ்வம்மையார் சொன்னார்: “செக்குல எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க தம்பி. உபதலைவரு போட மாட்டேன்னா என்ன செய்யணும்னு யாரும் சொல்லலியே.”

இதன் பொருளை விளங்கிக்கொள்ள ஊராட்சியின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவர் ஒப்பமும் வேண்டும் என்று வைத்தார்கள். முறைகேட்டைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் தனித்தொகுதியில் தலைவர் நாற்காலி ஒடுக்கப்பட்டோருக்குச் சென்றால், ஊரில் நிலமும் செல்வாக்கும் உடையோர் துணைத்தலைவர் பதவியைக் கைக்கொள்வது பல ஊர்களில் நடந்தது. பின்பு தெருவிளக்குக்குப் பல்பு வாங்குவதற்கும் அவர் மனம் இரங்க வேண்டும்.

இதனினும் கொடியதும் நம் மண்ணில் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவர் 1997 சூன் 30 அன்று பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது வழிமறித்துக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை தேர்தலை முறையாக நடத்தவே இயலவில்லை. முருகேசனுக்கு எந்தத் தலைமைப் பண்பு குறைந்திருந்தது? துணிவா? எந்தப் பயிற்சி நிலையமும் தர இயலாத துணிவு அவரிடம் இருந்தது. அங்கே பயிற்சி தேவைப்பட்டது தலைவருக்கு அன்று, ஊருக்கு. தலைமைப் பயிற்சி பற்றிய நூல்கள் பெரும்பாலும் தலைவரை மட்டுமே நோக்குகின்றன. அவர் காலடியில் உள்ள நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. தென் மாநிலங்கள் நான்கில் ஆராய்ந்து ராது பான், விஜயேந்திர ராவ் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, பெண் தலைவர்கள் வெறும் பொம்மைகள் என்னும் கூற்றை ஏற்கவில்லை. அரசியல் அனுபவம் மிக்க இடத்திலும், மேல்சாதியாரின் நில ஆதிக்கம் குறைந்த ஊரிலும் அவர்கள் சிறப்பாகச் செயல்பட்டதை அது காட்டுகிறது. சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கம், இராசத்தான் ஆகியவற்றில் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டதில், பெண்கள் தலைமையேற்ற ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டது தெரியவந்தது. இம்முடிவுகளில் பயிற்சி எங்கும் முதன்மைக் காரணமாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேரளத்தில் மட்டும் சற்று மாறாக நடந்தது. 1996 ஆகத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பணம் முதலில், பயிற்சி உடன். அப்பயிற்சியும் தலைவரை மட்டும் அழைத்து நடத்தப்படவில்லை. உறுப்பினர், அலுவலர், தொண்டர் எனப் பலரும் அடுத்தடுத்த சுற்றுகளில் பயிற்சி பெற்றனர். திருச்சூருக்கருகே 1990இல் நிறுவப்பட்ட கிலா நிறுவனம் இப்பணியில் பெரும்பங்கு ஆற்றியது. கையில் நிதியும் செய்ய வேலையும் உள்ளவர் வகுப்பில் தூங்குவதில்லை.

நம் ஊரிலும் பெயர்ப்பலகை இல்லாத பள்ளிகள் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் படிப்பகங்களும் தொழிற்சங்கங்களும் அவ்வாறு இருந்தன. இன்று மகளிர் சுய உதவிக் குழு அவ்விடத்தில் இருக்கிறது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அத்திட்டத்தின் குழுக்களில் பேரேடு எழுதி, வங்கி மேலாளரிடம் வாதாடிப் பழகிய பெண்கள், தலைவியானபின் வகுப்பில் கேட்கும் கேள்விகளே வேறு. நான் சந்தித்தவரையில், கணவரை வேப்பமரத்தடியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களுள் பெரும்பாலோர் குழுவில் ஊக்குநராக இருந்தவர்கள்.

இனி அளவிடுதலுக்கு வருவோம். டொனால்டு கெர்க்பேட்ரிக் என்பவர் 1959இல் பயிற்சியின் பயனை நான்கு படிகளாகப் பிரித்தார்: பயின்றவர் மகிழ்ந்தாரா, கற்றாரா, பணியில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு உண்டாயிற்றா. நான் சென்ற ஒரு பயிற்சி அமைப்பில் (பெயர் வேண்டாம்) கருத்துப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் காட்டினார்கள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் ‘மிக நன்று’. சாப்பாடும் உட்பட. இது முதற்படி. மூன்றாம் படிக்கு ஏற யாருக்கும் நேரமில்லை. ஏறுவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடுகிறது. 2019இல் வென்றோரின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இடஒதுக்கீடு சுழற்சியில் மாறும்போது, பயிற்சி பெற்ற தலைவி அதே ஊரில் மறுபடி நிற்பது அரிது.

உதவித்தொகையைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சிக்குச் செலவாவது அரசுப் பணம். அதை ஆராயும் எனக்குக் கிடைப்பதும் அரசுப் பணமே. முடிவு இப்படி வர வேண்டும் என்று யாரும் என்னிடம் கூறவில்லை. கூறத் தேவையும் இல்லை. ‘பயன் மிகுதி’ என எழுதினால் அடுத்த ஆய்வுக்கு வழி திறக்கும் என்பது எந்த ஆய்வாளனுக்கும் தெரியும். ஆதலால் பயிற்சி பெற்றோரையோ தந்தோரையோ கேட்டுப் பயனை எழுதுவதில்லை என்று என் நெறியாளரும் நானும் முடிவு செய்தோம்.

மாற்றாக நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது தீர்மானப் புத்தகம். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதில் பதிவு உண்டு: பொருள் என்ன, ஆதரித்தோர் யார், எதிர்த்தோர் யார், எது எத்தனை கூட்டங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கிராம சபைப் பதிவுகளையும் உடன் வைத்துப் பார்க்கிறேன். பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதங்களையும் பிந்தைய ஓராண்டையும் ஒப்பிட்டு வருகிறேன். கையெழுத்துகளை வாசிப்பதே பெரும்பாடு. சில புத்தகங்களில் எல்லாத் தீர்மானமும் ஒரே மையில், ஒரே நாளில் எழுதப்பட்டதுபோல் இருக்கும். அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவையும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. மேற்கூறிய அம்மையாரின் ஊராட்சிப் புத்தகத்தில், குடிநீர்க் குழாய் பற்றிய பொருள் நான்கு கூட்டங்களில் ஒத்திவைக்கப்பட்டு, ஐந்தாவதில் நிறைவேறியிருக்கிறது. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் நடந்தது பயிற்சி வகுப்பு அன்று. பெண்கள் திரண்டு வந்த ஒரு கிராம சபை.