தொட்டியில் வாழும் நாங்கூழ்

புழு வளர்ப்பு குப்பம் பகுதிக்குப் புதிதன்று. பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை இடும் உழவர் இங்கு உள்ளனர். வீட்டிலேயே வளர்க்கத் தக்கது மண்புழு. நாங்கூழ் என்பதும் அதன் பெயரே. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் பேராசிரியர் சுந்தரனார் அதன் உழைப்பை வியந்து பாடியுள்ளார்.

வயலில் உழைக்கும் புழு வேறு. தொட்டியில் வாழும் புழு வேறு. கேழ்வரகுக் கொல்லையில் தோண்டியெடுத்த புழுவைக் காய்கறிக் கழிவில் விடுதல் கூடாது. ஆழ்மண்ணில் வளை அமைத்து வாழும் அது அங்கே நிலைக்காது. பழைய எருக்குழியின் ஓரத்தில், மட்கும் சருகிடையே நெளியும் மேல்மட்டப் புழுவே ஏற்றது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்னும் நம் நாட்டு இனம் அத்தகையது.

அடியில் துளையிட்ட தொட்டியை நிழலில் வைத்து, தென்னை நாரும் சருகும் பரப்பி, அதன்மேல் பழஞ்சாணம் இடுக. புதுச்சாணம் நொதிக்கும்போது எழும் வெப்பம் புழுவைக் கொன்றுவிடும். காய்கறித் தோலைச் சிறிது சிறிதாகவே இடுக. உப்பும் எண்ணெயும் கலந்த மிச்சம் வேண்டா. மண்புழு தோலால் சுவாசிப்பது. ஆதலால் தொட்டி உலர்ந்தாலும் நீர் தேங்கினாலும் மடியும். பிழிந்த துணியில் உள்ள அளவு ஈரம் போதும்.

இரண்டு, மூன்று மாதங்களில் தேயிலைத் தூள் போன்ற எரு மேலே திரளும். சில நாள் நீர் தெளிக்காதிருந்தால் புழுக்கள் கீழிறங்கும். பின்னர் எருவைக் கையால் அள்ளலாம்.

வினா: வயற்புழு தொட்டியில் நிலைக்காதது ஏன்?